ஜெர்மனியில் ஓராண்டு: மகளுக்குக் கெசாம்ட்ஷூலே கிடைத்திருக்கிறது, கிம்னாசியம்தான் வேண்டும் என்று கேட்கலாமா?

வாசுகி_நெல்லை

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்குப் பதினாறு வயது, பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு ஜெர்மனியில் படிக்கப் போகிறாள். ஆகஸ்ட் கடைசியில் பயணம். திரும்பி வந்ததும் இங்கே பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வதாகப் பள்ளியில் பேசி முடித்தாயிற்று, அதில் கவலை இல்லை.

நேற்று ஹோஸ்ட் ஃபேமிலி விவரம் வந்தது. நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். நல்ல குடும்பமாகத் தெரிகிறது. இவள் வயதில் ஒரு பெண்ணும் இருக்கிறாள், இருவரும் வாட்ஸ்அப்பில் பேசத் தொடங்கிவிட்டார்கள். பள்ளி மட்டும் கெசாம்ட்ஷூலே என்று போட்டிருக்கிறது. மியூனிக்கில் இருக்கும் என் நாத்தனார் கணவர், "கிம்னாசியம் இல்லையென்றால் அனுப்பவே அனுப்பாதே, மற்றதெல்லாம் படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கு" என்று ஒரே பிடியாக நிற்கிறார். பள்ளியை மாற்றினால் குடும்பத்தையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று ஒருங்கிணைப்பாளர் சொல்கிறார்.

மகள் ஜெர்மன் மொழியில் ஏ2 நிலை முடித்து, அடுத்த நிலையான பி1 படித்துக்கொண்டிருக்கிறாள். அங்கே படித்தவர்களும் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்களும் சொல்லுங்கள். இந்தப் பள்ளி வகைகளில் அப்படி என்னதான் வித்தியாசம்?

ரைன்கரை

வாசுகி, நான் அதே மாநிலத்தில் கொலோனில் இருக்கிறேன். என் பிள்ளைகளில் ஒருத்தி கிம்னாசியம், ஒருவன் கெசாம்ட்ஷூலே. அதனால் இரண்டு பள்ளியிலும் பெற்றோர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அடிப்படை. இங்கே பள்ளிக் கல்வி மத்திய அரசின் கையில் இல்லை. 16 மாநிலங்களும் தனித்தனியாக நடத்துகின்றன. பெரும்பாலான மாநிலங்களில் தொடக்கப்பள்ளி நான்கு ஆண்டு, பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறு ஆண்டு. அதாவது பல இடங்களில் பத்து வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போக அபிடூர் எழுதுகிறவர்களுக்குக் கிம்னாசியம். பத்தாம் வகுப்போடு முடித்துத் தொழிற்பயிற்சிக்கோ மேற்படிப்புக்கோ போகிறவர்களுக்கு ரியால்ஷூலே. ஒன்பதாம் அல்லது பத்தாம் வகுப்போடு கைத்தொழிலுக்குப் போகிறவர்களுக்கு ஹௌப்ட்ஷூலே. இது பழைய கணக்கு. இந்தப் பிரிப்பு சரியில்லை என்று நினைத்தவர்கள் எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துத் தொடங்கியதுதான் கெசாம்ட்ஷூலே. 1960களின் இறுதியிலிருந்து இருக்கிறது.

உங்கள் உறவினர் பவேரியாவில் இருந்து பேசுகிறார். அங்கே நான்காம் வகுப்பில் ஜெர்மன், கணக்கு, பொது அறிவு மூன்றுக்கும் சேர்த்துச் சராசரி 2.33 இருந்தால்தான் கிம்னாசியம், 2.66 இருந்தால் ரியால்ஷூலே. (இங்கே 1 தான் சிறந்த மதிப்பெண், 6 மோசம்.) அப்படிப்பட்ட ஊரில் கிம்னாசியம் என்றாலே ஒரு மதிப்பு ஒட்டிக்கொள்ளும். நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் ஆசிரியர் பரிந்துரை கொடுப்பார், ஆனால் கடைசி முடிவு பெற்றோருடையது. கெசாம்ட்ஷூலேவில் 13ஆம் வகுப்பு வரை படித்து அபிடூர் எழுதலாம். 2007 முதல் இந்த மாநிலத்தில் அபிடூருக்குப் பொதுவினாத்தாள், கிம்னாசியப் பிள்ளைகள் எழுதும் அதே தேர்வு.

அதனால் "படிப்பு ஏறாதவர்களுக்கு" என்பது தவறு. பள்ளி எந்த வகை என்பதைவிட உங்கள் மகளை எந்த வகுப்பில் போடுகிறார்கள் என்று கேளுங்கள். பத்தா, பதினொன்றா? அவளுடைய ஓராண்டு எப்படி இருக்கும் என்பதை அதுதான் முடிவு செய்யும்.

தாம்பரம்_ரவி

நான் மாறுபடுகிறேன். என் அண்ணன் மகன் இதே மாதிரி திட்டத்தில்தான் போனான், கெசாம்ட்ஷூலேதான் கிடைத்தது. பத்தாம் வகுப்பில் போட்டார்கள். கணக்குப் பாடம் அவன் இங்கே எட்டாம் வகுப்பில் படித்தது. வகுப்பில் சத்தம் தாங்கவில்லை என்று வாரா வாரம் ஃபோனில் சொன்னான். நாம் லட்சக்கணக்கில் செலவழித்து அனுப்புகிறோம். கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. பின்னால் ஜெர்மனியிலேயே மேற்படிப்பு படிக்க நினைத்தால் கிம்னாசியத்தில் படித்தவள் என்பது உதவாதா?

ரைன்கரை

//கணக்குப் பாடம் அவன் இங்கே எட்டாம் வகுப்பில் படித்தது//

ரவி சார், இதற்குக் காரணம் இருக்கிறது, சரிசெய்யவும் வழி இருக்கிறது. கெசாம்ட்ஷூலேவில் ஏழாம் வகுப்பிலிருந்து கணக்கும் ஆங்கிலமும் இரண்டு நிலையாகப் பிரியும். ஈ-கூர்ஸ் மேல்நிலை, கே-கூர்ஸ் அடிப்படை நிலை. பத்தாம் வகுப்பில் புதிதாக வந்து சேரும் வெளிநாட்டுப் பிள்ளையை, மொழி தெரியாது என்பதால், யோசிக்காமல் கே-கூர்ஸில் உட்கார வைத்துவிடுவது உண்டு. முதல் வாரமே வகுப்பாசிரியரிடம் போய் "ஈ-கூர்ஸுக்கு மாற்றுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் மாற்றிவிடுவார்கள். இதற்காகப் பள்ளியை மாற்ற வேண்டியதில்லை.

மேற்படிப்பு விஷயம்: பரிமாற்ற ஆண்டு முடிவில் கையில் கிடைப்பது வந்து படித்ததற்கான சான்றிதழ், சில பள்ளிகளில் ஒரு மதிப்பெண் பட்டியல். அது எந்த வகைப் பள்ளியிலிருந்து வந்தாலும் பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில் வராது. இந்தியப் பன்னிரண்டாம் வகுப்பும் அதற்கு மேல் என்ன படித்தாள் என்பதும்தான் பார்க்கப்படும். அந்த ஓராண்டில் மிஞ்சுவது மொழி. மொழி வருவது பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகளிடமிருந்து.

கார்த்திக்_கோவை

நான் 2016-17இல் பரிமாற்ற மாணவனாகப் பவேரியாவில் இருந்தேன். ஒரே ஆண்டில் ரியால்ஷூலே, கிம்னாசியம் இரண்டும் பார்த்துவிட்டேன். பாதியில் குடும்பம் மாறியதால் ஊரும் பள்ளியும் மாறின. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன் அக்கா.

முதலில் கிடைத்தது ரியால்ஷூலே, பத்தாம் வகுப்பு. கீழ்பவேரியாவில் ஒரு கிராமத்துப் பக்கம். அங்கே ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் கணக்கு-அறிவியல், வணிகம், ஃபிரெஞ்சு என்று ஒரு பிரிவைத் தேர்ந்தெடுப்பார்கள். அதிலிருந்து பத்து வரை ஒரே வகுப்பு, ஒரே அறை, ஒரே முகங்கள். நான் போன முதல் நாளே ஒருவன் தன் மேசையை நகர்த்தி இடம் விட்டான். அதற்குப் பிறகு அதுதான் என் இடம், யாரும் உட்கார மாட்டார்கள். என்னை வணிகப் பிரிவில் போட்டிருந்தார்கள். கணக்குப்பதிவியல் ஒரு முக்கியப் பாடம். பற்று, வரவு எழுதுவதற்கு அதிக ஜெர்மன் தேவையில்லை, எண்கள் போதும். அந்தப் பாடத்தில் நான் பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தேன், அவன் எனக்கு மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தான்.

அந்தப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு என்பது கடைசி ஆண்டு. கோடையில் இறுதித் தேர்வு. அதற்கு வெகு நாள் முன்பே தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பம் போடத் தொடங்கிவிடுவார்கள். இடைவேளையில் ஒருவருக்கொருவர் விண்ணப்பக் கடிதத்தைப் படித்துக் காட்டுவார்கள், புகைப்படம் ஒட்டிய தன்விவரக் குறிப்பைச் சரிபார்ப்பார்கள். ஒருத்தி வங்கியில், ஒருவன் கார் பட்டறையில், இன்னொருவன் தச்சு வேலையில். பதினாறு வயதில் "செப்டம்பரிலிருந்து எனக்குச் சம்பளம்" என்று பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் அந்த வயதில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனியில் வேலை, ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி. அவர்கள் அதைக் கிம்னாசியம் கிடைக்காததற்கு ஆறுதலாகப் பார்க்கவில்லை, விரும்பித்தான் போனார்கள். ஜெர்மனி எப்படி ஓடுகிறது என்பது எனக்கு அந்த வகுப்பில்தான் புரிந்தது.

கஷ்டம் என்றால் வட்டார வழக்கு. புத்தகத்து ஜெர்மன் படித்துப் போன எனக்கு முதல் மாதம் இடைவேளைப் பேச்சு ஒன்றும் பிடிபடவில்லை. ஆசிரியர்கள் கேள்வி கேட்கும்போது தெளிவாகப் பேசுவார்கள், பிள்ளைகள் பேசுவது வேறு. பிறகு பழகிவிட்டது, இன்றைக்கும் என் ஜெர்மனில் பவேரிய வாடை இருக்கிறது என்பார்கள்.

அப்புறம் கிம்னாசியம். பதினொன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். அப்போது பவேரியாவில் கிம்னாசியம் எட்டு ஆண்டுதான், பதினொன்றிலும் பன்னிரண்டிலும் வாங்குகிற மதிப்பெண்கள் அபிடூரில் சேரும். (இப்போது ஒன்பது ஆண்டாக மாற்றிவிட்டார்கள். அதனால்தான் 2025இல் அங்கே வழக்கமான அபிடூர் ஆண்டே ஏறக்குறைய இல்லாமல் போனது.) அங்கே வகுப்பு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு பாடத்துக்கும் வேறு அறை, வேறு கூட்டம். மணி அடித்ததும் எல்லாரும் ஒரு பக்கம் கிளம்பிவிடுவார்கள். நடுவில் ஆசிரியர் இல்லாத காலி நேரம் வரும், ஊர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டு வருவார்கள், எனக்கு பஸ் இல்லாததால் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பேன். பாடத்தின் தரம் அருமை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வரலாற்று ஆசிரியர் ஒரே ஒரு சுவரொட்டியைத் திரையில் போட்டு, இரண்டு பாடவேளை முழுக்கக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். யார் வெளியிட்டது, யாரை நோக்கி, எதை மறைக்கிறது என்று. நான் அதுவரை வரலாற்றை அப்படிப் படித்ததில்லை. ஆனால் நண்பர்கள் என்று பார்த்தால் வெகு நாள் யாரும் இல்லை.

அதை மாற்றியது பி-செமினார். பதினொன்றில் எல்லாரும் ஏதாவது ஒரு செயல்திட்டக் குழுவில் இருக்க வேண்டும். எங்கள் குழு ஊர் நூலகத்தோடு சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தது. அட்டை வெட்டவும் மேசை தூக்கவும் ஆள் வேண்டும், நான் போனேன். அந்தக் குழுவில் கிடைத்தவர்களோடுதான் இன்றும் பேசுகிறேன்.

எனவே அக்கா, தரத்தை மட்டும் பார்த்தால் கிம்னாசியம். ஒரு பதினாறு வயதுப் பிள்ளை மொழி தெரியாத ஊரில் தனியாக நிற்காமல் இருக்க வேண்டும் என்று பார்த்தால், நிலையான வகுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே.

வாசுகி_நெல்லை

தம்பி, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. மகளுக்கும் படித்துக் காட்டினேன். மதிப்பெண் எப்படிப் போடுவார்கள்? அவள் எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்வாள், ஆனால் வகுப்பில் வாயைத் திறக்க மாட்டாள்.

கார்த்திக்_கோவை

இதைப் போவதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள் அக்கா, மிக முக்கியம். அங்கே வகுப்பில் பேசுவதற்கு மதிப்பெண் உண்டு, சில பாடங்களில் பாதிக்குப் பாதி. நம் ஊரில் அமைதியாக உட்கார்ந்து குறிப்பு எடுத்தால் நல்ல பிள்ளை. அங்கே அந்தப் பிள்ளைக்குப் பாடத்தில் ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

பவேரியாவில் இன்னொன்றும் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் வைக்கும் சிறு தேர்வு, பிள்ளைகள் "எக்ஸ்" என்பார்கள். வகுப்பு தொடங்கியதும் ஒருவரை எழுப்பி முந்தைய பாடத்தைக் கேட்பதும் உண்டு. பரிமாற்ற மாணவர்களுக்கு முதல் பருவத்தில் பல ஆசிரியர்கள் மதிப்பெண் போடாமல் விட்டுவிடுவார்கள், அல்லது வீட்டில் எழுதி வரச் சொல்வார்கள். ஒவ்வொரு ஆசிரியரிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ரைன்கரை

நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியாவிலும் அதேதான். என் மகளின் வகுப்பில் ஒரு பிரேசில் பெண் வந்தாள். முதல் வாரமே ஆசிரியர் அவளிடம், "ஒரு பாடவேளைக்கு ஒரே ஒரு முறை விரலை உயர்த்து, இலக்கணம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை" என்று ஒப்பந்தம் போட்டார். கிறிஸ்துமஸுக்குள் அவள் தானாகவே விவாதத்தில் இறங்கிவிட்டாள். உங்கள் மகளும் இப்படி ஒரு ஒப்பந்தத்தை ஆசிரியரிடம் தானே கேட்கலாம். அப்புறம், கை உயர்த்துவது என்றால் அங்கே ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டுவது. உள்ளங்கையை விரித்து உயர்த்த மாட்டார்கள்.

கமலி_ஹம்

வணக்கம் வாசுகி. நான் யாழ்ப்பாணத்துப் பக்கம், 1980களின் கடைசியில் இங்கு வந்து ஹம் நகரத்தில் இருக்கிறோம். பரிமாற்றத் திட்டம் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் இந்தப் பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கதைக்க எனக்கு நிறைய இருக்கிறது.

என்ரை மூத்தவர் நான்காம் வகுப்பு முடிக்கேக்கை வீட்டில் நாங்கள் தமிழ் மட்டும்தான் கதைத்தோம். அவரின் ஜெர்மன் காணாது என்று ஆசிரியை ஹௌப்ட்ஷூல எழுதித் தந்தார். பிள்ளைக்குக் கணக்கு வடிவாக வரும், அது அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை. எதிர்த்துக் கதைக்க அப்போது எங்களுக்குப் பாஷையும் காணாது. அவர் அங்கே படித்து, மின்வேலையில் தொழிற்பயிற்சி செய்து, பிறகு மைஸ்டர் என்கிற தொழில் வல்லுநர் பரீட்சையும் எடுத்தார். இப்போது தன் கீழ் ஆட்களை வைத்து வேலை செய்கிறார். 2009இலிருந்து மைஸ்டர் பட்டம் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். நல்லாக இருக்கிறார், ஆனால் பத்து வயதில் அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கியதை நான் மறக்கேல்லை. 2001இல் பல நாட்டுப் பிள்ளைகளின் படிப்பை ஒப்பிடுகிற பீசா ஆய்வு முடிவு வந்து, இந்த நாட்டில் பிள்ளையின் படிப்பு தாய் தகப்பனின் நிலைமையோடு எவ்வளவு கட்டுப்பட்டிருக்கிறது என்று எல்லாரும் கதைத்தபோது எங்களுக்கு அது புதுச் செய்தியாக இருக்கவில்லை.

அதனால் இளையவளைக் கெசாம்ட்ஷூலவில் சேர்த்தோம். அங்கே பத்து வயதில் ஒருவரையும் தரம் பிரித்துத் தள்ளமாட்டினம். அவள் அங்கேயே அபிடூர் எடுத்தாள், இப்போது மருந்தாளர். அவளின் வகுப்பில் துருக்கிப் பிள்ளைகள், போலந்துப் பிள்ளைகள், டாக்டரின் பிள்ளை, லொறி ஓட்டுபவரின் பிள்ளை எல்லாரும் இருந்தார்கள். புதிதாக ஒரு பிள்ளை தட்டித்தடுமாறி ஜெர்மன் கதைத்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டினம், அவர்களின் வீடுகளில் எல்லாம் அப்படித்தான்.

ரவி அண்ணை சொன்ன சத்தம் உண்மை. எங்கள் பிள்ளைகளின் வகுப்பிலும் இருந்தது. பதினொன்றாம் வகுப்பு வரேக்கை அடங்கிவிடும், ஏனென்றால் அதில் அபிடூர் எடுக்க நினைக்கிற பிள்ளைகள்தான் மிஞ்சுவார்கள்.

மது_ஸ்டுட்கார்ட்

நான் கொஞ்சம் வேறு மாதிரிப் பள்ளியில் படித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைத்தது வால்டோர்ஃப் பள்ளி. 1919இல் ஸ்டுட்கார்ட்டில் ஒரு சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ருடால்ஃப் ஸ்டைனர் என்ற தத்துவவாதி தொடங்கியது. ஆலையின் பெயர்தான் பள்ளிக்கும் ஒட்டிக்கொண்டது. இது தனியார் பள்ளி, அரசுப் பள்ளி வகைகளுக்கு வெளியே நிற்பது. பரிமாற்ற மாணவர்கள் பலருக்கு இது கிடைக்கிறது, அதனால் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

காலையில் முதல் இரண்டு மணி நேரம் ஒரே பாடம், மூன்று நான்கு வாரத்துக்கு அதே பாடம். பிறகு அடுத்தது. பாடப்புத்தகம் கிடையாது, நாமே ஒரு நோட்டில் எழுதி, படம் வரைந்து பாடப்புத்தகம் செய்ய வேண்டும். மொழி வராதவளுக்கு இது பெரிய வரம். ஒரே பொருளைப் பற்றிய அதே சொற்கள் மூன்று வாரம் திரும்பத் திரும்பக் காதில் விழும். என் நோட்டில் முதல் பக்கங்களில் படமும் பெயர்ச்சொற்களும் மட்டும்தான், கடைசிப் பக்கங்களில் பத்தி பத்தியாக எழுதியிருந்தேன்.

பத்தாம் வகுப்பில் நில அளவைப் பயிற்சி என்று வகுப்பு முழுவதையும் கிராமத்துக்கு அழைத்துப் போனார்கள். கோணம் அளக்கும் தியோடலைட் கருவி, அளவுகோல், கயிறு, கையில் ஒரு அட்டை. குழுவாகப் பிரிந்து ஒரு மேட்டையும் அதன் சரிவையும் அளந்து, மாலையில் உட்கார்ந்து கோணங்களைக் கணக்குப் போட்டு வரைபடம் வரைய வேண்டும். ஒரு நாள் எங்கள் அளவு கடைசிப் புள்ளியில் சேரவில்லை. இரவு எல்லாரும் தாள்களைத் தரையில் பரப்பி எந்தக் கோணத்தில் பிழை என்று தேடினோம். திரிகோணமிதி எனக்கு நன்றாகத் தெரியும், அன்று நான்தான் கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் நான் விருந்தாளி இல்லை.

ஒருவருக்குப் பிடிக்காமல் போகவும் வாய்ப்புண்டு. ஒய்ரித்மி என்று ஓர் அசைவுக் கலை கட்டாயம், கீழ் வகுப்புகளில் மதிப்பெண்ணே கிடையாது, ஸ்டைனரின் சில கருத்துகளை அறிவியல் ஏற்பதில்லை. போட்டித் தேர்வுப் பழக்கத்திலிருந்து வரும் பிள்ளைக்கு முதலில் "என்ன படிக்கிறோம்" என்றே குழப்பமாக இருக்கும்.

அருள்_புதுவை

யாரும் தொழில்சார் கிம்னாசியத்தைப் பற்றிச் சொல்லவில்லை. நான் பாடன்-வூர்ட்டம்பர்க்கில் வணிகக் கிம்னாசியத்தில் இருந்தேன். 11 முதல் 13 வரை மட்டும் உள்ள பள்ளி. ரியால்ஷூலே முடித்து அபிடூர் எழுத விரும்புகிறவர்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து சேருவார்கள். முதல் நாள் யாருக்கும் யாரையும் தெரியாது. எல்லாரும் புதுசு என்பதால் நான் தனித்துத் தெரியவே இல்லை. மதிய உணவுக்கு யாரோடு போவது என்று எல்லாருமே தேடிக்கொண்டிருந்தார்கள். கேட்டு வாங்க முடிந்தால் இதை வாங்குங்கள்.

கமலி அக்கா சொன்னதும் இதோடு சேர்கிறது. கெசாம்ட்ஷூலேவின் பதினொன்றாம் வகுப்பிலும் வெளியிலிருந்து ரியால்ஷூலேப் பிள்ளைகள் வந்து சேர்வார்கள், பழைய கூட்டம் கலைந்து புதிதாகச் சேரும்.

தாம்பரம்_ரவி

எல்லாரும் சொல்வதைப் படித்தேன். ஈ-கூர்ஸ் விஷயம் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அண்ணனிடம் சொன்னேன். பையனின் சங்கடத்தைப் பள்ளி முதல் மாதமே கவனித்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. படிப்பில் தீவிரமாக இருக்கும் பிள்ளைக்குக் கிம்னாசியம்தான் பொருத்தம் என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் வாசுகி அம்மா, நல்ல குடும்பம் கிடைத்திருந்தால் அதை இழக்காதீர்கள். என் அண்ணன் மகன் அங்கே ஓராண்டு இருந்ததே அந்த வீட்டுக்காரர்களால்தான்.

வாசுகி_நெல்லை

அனைவருக்கும் நன்றி. ரைன்கரை அண்ணா சொன்னபடி ஒருங்கிணைப்பாளர் வழியாகப் பள்ளிக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்துவிட்டது. பதினொன்றாம் வகுப்பில்தான் சேர்க்கிறார்கள், அதை அங்கே அறிமுக ஆண்டு என்கிறார்களாம், அந்த ஆண்டு மதிப்பெண் அபிடூரில் சேராது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆண்டுப் பொறுப்பாளரான ஆசிரியை ஒருவர் தன் பெயரைப் போட்டு, பாடங்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரத்துக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார். ஹோஸ்ட் வீட்டுப் பெண்ணும் அதே வகுப்பு. நாத்தனார் கணவரிடம் பொதுவினாத்தாள் விஷயத்தைச் சொன்னேன், அவருக்குத் தெரியவில்லை, விசாரிக்கிறேன் என்றார். நாங்கள் குடும்பத்தை மாற்றவில்லை.

இப்போது சந்தேகம் பாடத் தேர்வில். ஜெர்மன், கணக்கு, ஆங்கிலம், உடற்பயிற்சி எல்லாருக்கும் உண்டு. மற்றவற்றில் எதை எடுக்கலாம்? இங்கே வந்து அறிவியல் பிரிவுதான் எடுக்கப் போகிறாள். சாப்பாடும் ஒரு கவலை, அவள் சைவம்.

கமலி_ஹம்

சாப்பாட்டுக்குப் பயப்பிடாதேங்கோ. பள்ளிக்கூட மென்சாவில் (சாப்பாட்டுக்கூடம்) இப்போது அனேகமாக ஒவ்வொரு நாளும் ஒரு சைவச் சாப்பாடு இருக்கும், முதலே பதிந்துவிட வேண்டும். ஆனால் இரவுச் சாப்பாடு பல ஜெர்மன் வீடுகளில் பாணும் (பிரெட்) சீஸும்தான், அது ஒவ்வொரு நாளும் என்றால் பிள்ளை களைத்துவிடும். வாரத்தில் ஒரு நாள் தானே சமைக்கிறேன் என்று அந்த அம்மாவிடம் முதலே கேட்டுவிடச் சொல்லுங்கோ. ஹம் பக்கம் என்றால் எங்கள் காமாட்சி அம்பாள் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கோ, திருவிழா நேரம் ஜெர்மன் சனமும் நிறைய வரும், அந்த வீட்டு ஆட்களுக்கும் பிடிக்கும்.

கார்த்திக்_கோவை

பாடத் தேர்வுக்கு என் கருத்து. ஓவியமோ இசையோ ஒன்றைக் கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள், அங்கே வேலை செய்துகொண்டே பேசலாம். உயிரியல் எடுக்கலாம், கலைச்சொற்களில் பாதி ஆங்கிலத்தில் படித்தவையாகவே இருக்கும். லத்தீனைத் தொட வேண்டாம், மற்றவர்கள் பல ஆண்டு படித்திருப்பார்கள். ஸ்பானிஷ் அந்த ஆண்டுதான் புதிதாகத் தொடங்குகிறது என்றால் எடுக்கலாம், எல்லாரும் முதல் பாடத்திலிருந்து தொடங்குவார்கள்.

ரைன்கரை

கார்த்திக் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: வரலாற்றை அல்லது சமூக அறிவியலை எடுக்கட்டும், இரண்டில் ஒன்று. முதல் பருவத்தில் பாதிதான் புரியும், இரண்டாம் பருவத்தில் அவள் பேசப் போகிற பாடம் அதுதான். ஹோஸ்ட் வீட்டுப் பெண்ணின் பாடங்களை அப்படியே நகல் எடுக்க வேண்டாம். மூன்று நான்கு பாடம் சேர்ந்து இருந்தால் போதும், மற்றதில் தனியாக உட்கார்ந்தால்தான் வேறு ஆட்கள் கிடைப்பார்கள்.

படிவத்தில் இரண்டாம் விருப்பம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதைக் காலியாக விடாதீர்கள். ஆள் சேராத பாடத்தைப் பள்ளி நடத்தாது, அப்போது இரண்டாம் விருப்பத்தில்தான் போடுவார்கள். அனுப்புவதற்கு முன் படிவத்தில் உள்ள பாடப் பட்டியலை இங்கே எழுதுங்கள், என் மகனிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன். அவன் போன ஆண்டுதான் அதே அறிமுக ஆண்டை முடித்தான்.